மூன்றாம் பெஞ்சில் வெள்ளைப் பூ

செக்ரட்டரி அக்கா கிறிஸ்தவ சபையின் மாதர் சங்கத்துக்குச் செக்ரட்டரியாக இருந்தது மொத்தமே இரண்டு வருஷம். அதுவும் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தேர்தல் நடந்தது, கைதட்டல் கிடைத்தது, சிலர் நன்றியுரையில் கண்கலங்கக்கூடச் செய்தார்கள். பட்டம் மட்டும் அக்காவை விட்டு நகரவே இல்லை. எண்பத்து நான்கு வயதில் அவர் கைத்தடியால் சபைக் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போது, எழுபதைத் தாண்டியவர்களும் "செக்ரட்டரி அக்கா வந்தாச்சு" என்று கால்களை ஒழுங்காக இழுத்து வைத்துக்கொள்வார்கள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அக்காவுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, ஓட்டைகள் நிறைந்த பலகையின் முன்னால் உட்கார்ந்து, இங்கே பிடுங்கிய கம்பியை அங்கே செருகுகிற வேலை. யாரை யாரோடு சேர்த்துவிடுவது என்பதுதான் தொழில். பிறகு இயந்திரம் வந்தது, பலகையைத் தூக்கி எறிந்தார்கள். அக்கா தொழிலை விடவில்லை, இடத்தைச் சபைக்கு மாற்றிக்கொண்டார். வேலையில்லாத தச்சரையும் சபையில் கால் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுகளையும் சேர்த்து வைத்தார். தங்க இடம் தேடிய நர்ஸையும் பேச ஆளில்லாத விதவையையும் சேர்த்து வைத்தார். கல்யாணமாகாத மருந்துக்கடைக்காரரிடம் ஒற்றைத் தலைவலிக்காரி ஒருத்தியை மாத்திரை வாங்க அனுப்பியதில் இப்போது அவர்களுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் தலைவலி மட்டும் போகவில்லை.

ஆனால் அக்காவின் பேர் நிலைத்தது துக்க வீடுகளில்தான். எந்த வீட்டில் உயிர் போனாலும் டாக்டருக்கு முன்னால் அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். சபையின் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதனால் நோயாளிகளுக்கு அவர்மேல் கொஞ்சம் பயம் உண்டு. "சும்மா பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்று அவர் கட்டிலோரம் உட்கார்ந்தால், படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் நேரம் வரலை" என்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு எட்டு வருஷம் வாழ்ந்தார். அந்த எட்டு வருஷத்துக்கும் தான்தான் காரணம் என்று அக்கா சொல்லிக்கொள்வார்.

துக்க வீட்டுக்கு அவர் சட்டம் வகுத்து வைத்திருந்தார். போனில் விசாரிக்கக் கூடாது. மணி அடித்தால் எடுக்கப்போவது அழுதுகொண்டிருக்கிறவர்கள்தானே, நேரே போக வேண்டும். முன்வாசலில் நின்று கதவைத் தட்டக் கூடாது. பின்வாசல் வழியாகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். இழப்புக்கு ஆளானவரை நாற்காலியில் உட்காரவைத்து, சூடாக ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அவரைப் பேசவைக்கக் கூடாது, எதையும் விளக்கச் சொல்லக் கூடாது, ஒரு வேலையும் செய்யவிடக் கூடாது. சபையில் ஞானஸ்நானம் எடுத்த எல்லோருக்கும் இது தெரியும். பத்துக் கட்டளையில் இரண்டு மூன்றை மறந்தவர்களுக்கும் இது மறக்காது.

வெள்ளைப் பூவும் அக்கா கொண்டுவந்ததுதான். முன்பு தனிக்கட்டையான தையல்காரர் ஒருவர் வாராவாரம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் செத்துப்போய் மூன்று ஞாயிறு கழித்துத்தான் சபைக்குத் தெரிந்தது. அக்கா அன்றைக்கு ஆராதனை நடுவில் எழுந்து நின்று, "ஒரு மனுஷன் இருந்த இடம் காலியா கிடந்தது, நாமெல்லாம் பாட்டுப் பாடிட்டு வீட்டுக்குப் போயிருக்கோம்" என்று அழுதார். அன்றிலிருந்து சபையில் யார் இறந்தாலும், அடுத்த ஞாயிறு அவர் உட்காரும் இடத்தில் ஒரு கட்டு வெள்ளைப் பூ இருக்கும். அங்கே யாரும் உட்காரமாட்டார்கள்.

இவ்வளவும் செய்கிறவருக்கு வீட்டில் இருக்க நேரம் ஏது? கடிகாரம் பழுது பார்க்கும் வேலையிலிருந்த கணவர் பரம சாது. "கர்த்தர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். என் வீட்டுக்காரி அன்னைக்குத்தான் ஆரம்பிப்பா" என்பதுதான் அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே புகார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்" என்று அக்கா பதில் சொல்வார். ஒரே மகள் அப்படித்தான் வளர்ந்தாள். வேறு நகரத்துக்குப் போய், பல் மருத்துவமனைகளுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது அதன் பாதிக்குச் சொந்தக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் வாயில் இருந்த பல்வரிசை மகள் கையால் செய்தது. அதை வைத்துக்கொண்டுதான் அக்கா மகளை எதிர்த்து வாதாடுவார்.

வாதம் ஐந்து வருஷமாக ஒன்றேதான். மகள் கூப்பிடுவாள், அம்மா வரமாட்டார். இந்த முறை அக்கா சபைச் சமையலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ரத்தம் கட்டி, போதாததற்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மகள் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்து ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா? இனிமே தனியா இருக்கக் கூடாதாம்" என்றாள் சனிக்கிழமை.

"நான் எங்கடி தனியா இருக்கேன்? ஒரு சபையே இருக்கு எனக்கு."

"ஒரு வாரமா சபையா உனக்கு முதுகு தேச்சு விட்டுச்சு?"

"அவங்களுக்கு நான் விழுந்ததே தெரியாது. எழுந்து நானா நடந்து வந்துட்டேன்ல? சொன்னா பயந்துடுவாங்க. நான் படுத்துட்டா அங்க ஒரு துரும்பு அசையாது."

மகள் தலைகாணி உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். உறையை இழுத்துப் பிடித்தபடியே சொன்னாள்: "சரி, பந்தயம். நாளைக்கு நீ போகக் கூடாது. வரலைன்னு யாருக்கும் சொல்லக் கூடாது, போன்ல அதைச் செய் இதைச் செய்னு உத்தரவு போடக் கூடாது. நீ இல்லாம அங்க ஒரே ஒரு காரியம் கெட்டாலும் நீ ஜெயிச்சே, நான் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கமாட்டேன். எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா பெட்டியைக் கட்டிட்டு என்கூட வந்துடணும்."

"ஒரே ஒரு காரியமா?" அக்காவுக்கு மகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "தோத்துட்டு அப்புறம் அழக் கூடாது."

உண்மையில் காய்ச்சலில் அவரால் நாளைக்கு வாசல் வரைகூட நடக்க முடியாது. ஆனால் விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலையில் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு சபை சீரழிவதை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இந்நேரம் கதவு திறந்திருக்க மாட்டார்கள். திறந்தாலும் இடப்பக்க ஜன்னலைத் திறக்கத் தெரியாது, அதைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். புதிதாக வந்த பாஸ்டர் சின்னப் பையன். கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவார். ஆர்கன் டீச்சர் பாட்டை இழுத்துக்கொண்டே போவார், முன்னால் நின்று வேகமாகப் பாடி இழுத்துவர ஆளில்லை. இந்த விஷயத்தில் அக்காவுக்கும் டீச்சருக்கும் பல வருஷப் பகை. பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி, சண்டையும் போட்டுக்கொண்டு ஒருவர் சமையலறையில் ஒருவர் புழங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

மேஜைமேல் போன் இருந்தது. அக்கா அதையே பார்த்தார். அது அடிக்கவில்லை.

"லைன் சரியா இருக்கான்னு பாரு."

"இருக்கு."

"யாராவது தேடுவாங்களே."

"உன்னை ஏன் தேடணும்? அங்கதான் துரும்பு அசையலையே" என்றாள் மகள், சூப்பை ஆற்றிக்கொண்டே.

ஆராதனை முடிகிற நேரமும் வந்து போனது. ஒருவரும் கூப்பிடவில்லை. அக்கா சூப் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பந்தயம்கூட அப்புறம்தான். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் இடம் காலியாக இருந்திருக்கிறது, ஒரு ஜீவன்கூட 'ஏன்' என்று கேட்கவில்லை. அந்தத் தையல்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு இப்போது புரிந்தது. அழுகை வந்தது. காய்ச்சலில் கண் எரிகிறது என்று சொல்லிவிட்டார்.

நடுப்பகலில் தெருவில் ஒரு வண்டி வந்து நின்ற சத்தம். அக்கா கட்டிலிலிருந்தே ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். சபை வேன். இரண்டு பேர் அதிலிருந்து மடக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு இடுப்பு வலி எங்கே போனது என்று தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டார்.

"ஏய், இங்க வா! நம்ம தெருவுல சாவு!"

"யாரும்மா?"

"கோடி வீட்டுத் தபால்காரராத்தான் இருக்கும். போன வாரமே முகம் சரியில்லை. பார்த்தியா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு வாரம் வெளிய வரலைன்னதும் என்னைத் தலைமுழுகிட்டாங்க!" அக்கா கோட்டைத் தேடி எடுத்து ஒரு கையை நுழைத்தார். "என் இன்னொரு செருப்பு எங்க? வீட்டுல பால் இருக்கா? எதுக்கும் எடுத்துவை."

நாற்காலிகள் தெருக்கோடிக்குப் போகவில்லை. இந்த வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தன. முன்வாசலில் வரிசையாக விரியவும் தொடங்கின.

"நம்ம வீட்டுல ஏன் போடறாங்க?" என்றாள் மகள்.

"தபால்காரர் வீட்டு வாசல் குறுகல். இடம் பத்தாது. நல்ல யோசனைதான்" என்று அக்கா மனசாரப் பாராட்டினார். "நீ போய் என்ன வேணும்னு கேளு. நான் செருப்பைப் போட்டுட்டு வரேன்."

மகள் கூடத்துக்குப் போனாள். அக்கா கைத்தடியைக் கட்டிலுக்கு அடியில் விட்டுச் செருப்பைத் துழாவினார். பின்வாசல் திறக்கும் சத்தம் கேட்டது. பெரிய கெட்டிலின் மூடி ஆடுகிற சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அடுப்பு பற்றியது. ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை, ஒருவரும் அதை இதை எங்கே என்று கேட்கவில்லை. என்ன ஒழுங்கு, என்ன நேர்த்தி! நான் சொல்லிக்கொடுத்ததாக்கும் என்று அக்கா செருப்போடு நிமிர்ந்தார்.

அறைக்கதவு மெல்லத் திறந்தது. இளம் பாஸ்டர் ஜெபப் புத்தகத்தை மார்போடு அணைத்து, தலையைக் குனிந்தபடி வந்தார். கட்டிலருகே போய் நின்று கண்ணை உயர்த்தினார். கட்டில் காலியாக இருந்தது. திரும்பினார். ஒரு கையில் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு, மறுகையில் செருப்போடு அக்கா நின்றார்.

"நல்லவேளை வந்தீங்க பாஸ்டர். செத்தது யாரு?"

பாஸ்டர் ஜெபப் புத்தகத்தைத் திறந்து மூடினார். பிறகு மரியாதையாகவே சொன்னார்.

"நீங்கதாங்கக்கா."

அக்காவுக்குக் கோபம் வருவதற்குள், கூடத்திலிருந்து ஓர் அழுகை கேட்டது. பாஸ்டர் கூடத்துக்கு ஓடப்பார்த்தார். அக்கா அவர் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தார். அது மகளின் அழுகை. அவள் அழுது அவர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கூடத்தின் நடுவில் மகளை உட்காரவைத்திருந்தார்கள். கையில் சூடாகக் கோப்பை. பக்கத்தில் ஆர்கன் டீச்சர் அவள் மறுகையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தார்.

"டீச்சர், அம்மா உள்ள…"

"தெரியும்மா. பாஸ்டர் போயிருக்கார். நீ ஒண்ணும் பேசாதே."

"இல்ல டீச்சர், நான் சொல்றது…"

"எதுவும் சொல்ல வேண்டாம். அப்புறம் பார்த்துக்கலாம். நீ ஒருத்தியாவா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே? முகத்தைப் பாரு, எப்படி வாடிக் கிடக்கு. தூங்கினியா? நீ ஏதாவது சாப்பிட்டியா?"

மகள் மறுபடி வாயைத் திறந்தாள். சொல்லவேண்டியது வராமல் வேறெதுவோ வந்தது. அம்மா உள்ளே உயிரோடு, செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தேதான் அவள் அழுதாள். அறுபதை நெருங்கும் வயதில் தன் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்டதற்காக அழுதாள்.

"இப்படி உட்காரவைச்சு எனக்கு யாரும் கொடுத்ததில்லை டீச்சர். அம்மா எல்லார் வீட்டுக்கும் போவாங்க. எங்கப்பா செத்த அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் அம்மாதான் டீ ஊத்தினாங்க. நான் கோப்பை கழுவினேன்."

"பார்த்தேன்மா. வந்து உன்னை உட்காரவைச்சிருக்கணும். செக்ரட்டரி வீட்டுல நாம என்ன செய்யறதுன்னு சும்மா இருந்துட்டேன்."

"எனக்கு அன்னைக்கு அழணும்னு இருந்துச்சு. வேலை முடியட்டும்னு நினைச்சேன்."

"இப்ப அழு" என்றார் டீச்சர். "நாங்க இருக்கோம். சின்னதுல நீ அந்த மூணாவது பெஞ்சுல தனியா உட்கார்ந்திருப்பே. எனக்கு ஆர்கன் மேல இருக்கிற கண்ணாடியில தெரியும். உங்கம்மா கதவுகிட்ட, சமையல்கட்டுல, எங்கேயாவது நின்னுட்டிருப்பாங்க. நீ அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்ப்பே."

கதவுக்குப் பின்னால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. அவர் வகுத்த சட்டம் அத்தனையும் ஒன்று விடாமல் அந்தக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. கணவர் போன அன்று தான் ஓர் இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருந்தது, உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்ற பயத்தில்தான். அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஓட்டத்தில் இழப்புக்கு ஆளான இன்னொருத்தி தன் வீட்டிலேயே ஈரக் கையோடு நின்றிருந்தாள். ஊரெல்லாம் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் சொந்தச் சமையலறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்டர் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்றார். அக்கா சட்டைக்கையை இன்னும் விடவில்லை.

அழுகை அடங்கும் வரை அவர் நின்றார். அதைக் குறுக்கே புகுந்து நிறுத்தக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். மருந்துக்கடைக்காரர் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாற்காலி தூக்கிவந்தவர் அதை அப்படியே காலில் போட்டுக்கொண்டார். டீச்சர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க சாகலையா?" குறை சொல்கிற குரல்தான்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்."

"உங்களுக்காக நான் பாட்டு நடுவுல அழுது, ரெண்டு வரி வாசிக்கவே இல்லை."

"நான் செத்ததா யாரு சொன்னா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீச்சர், பாஸ்டர் சொன்னதாக நினைத்தார். பாஸ்டரோ, சபைக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லையே, கேட்டால் மானம் போகுமே என்று பேசாமல் ஜெபித்துவிட்டார். பாஸ்டர் ஜெபித்த பிறகு எவருக்குச் சந்தேகம் வரும்? போனில் விசாரிக்கக் கூடாது என்பதால் ஒருவரும் போன் செய்யவில்லை.

"பூ இருந்துச்சே அக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர் மனைவி தரையிலிருந்தே. "நாங்க வரும்போதே உங்க இடத்துல வெள்ளைப் பூ இருந்துச்சு."

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. பீடத்துக்கு வைக்கிற வெள்ளைப் பூவைப் பூக்கடைக்காரர் ஞாயிறுதோறும் கதவு திறந்ததும், ஒருவரும் வருவதற்கு முன்னால் கொண்டுவருவார். மூன்றாம் பெஞ்சில் அக்கா காத்திருந்து கையில் வாங்கிக்கொள்வார். இன்று கையை நீட்ட ஆளில்லை. மனிதர் வழக்கமாகக் கொடுக்கிற இடத்திலேயே பூக்கட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். பூ எப்படி வருகிறது, யார் வாங்குகிறார்கள் என்று சபையில் வேறு யாருக்கும் தெரியாது. அக்கா யாருக்கும் சொல்லவும் இல்லை, யாரையும் செய்யவிடவும் இல்லை.

அவர் இதைச் சொன்னதும் முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு கூடமே சிரித்தது. காலில் நாற்காலி விழுந்தவரும் சிரித்தார். பாஸ்டர் தான் தயார் செய்துவைத்திருந்த இரங்கல் உரையைச் சுருக்கமாகச் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்பட்டார். அதில் அக்காவின் பொறுமையை அவர் புகழ்ந்த இடத்தில் எல்லோரும் இருமினார்கள். கொதித்த தண்ணீர் வீணாகக் கூடாது என்று மறுபடி தேநீர் ஊற்றினார்கள். ஆளுக்கு ஒன்று போட நாற்காலி இரண்டு குறைவதை அக்கா கவனித்தார். சொல்ல வாயெடுத்து, மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது டீச்சர் வாசலில் நின்று, "ஒரு விஷயம் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "அந்த ரெண்டு வரி போக, இன்னைக்குப் பாட்டு ஒரே சீராப் போச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவை."

"அப்படியா?" என்றார் அக்கா. "கேட்க நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு." டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டே திரும்பினார். "எனக்குப் பிடிக்கவே இல்லை."

வேன் போன பிறகு வீடு அமைதியாயிற்று. மகள் கோப்பைகளைச் சேர்க்கப் போனாள். அவர்கள் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். செய்ய ஒன்றுமில்லாமல் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா" என்றாள்.

"எப்படி?"

"பீடத்துல பூ இல்லை. ஒரே ஒரு காரியம் கெட்டாலும் போதும்னு நான்தானே சொன்னேன்." அவள் நேர்மையானவள். தான் செய்த பல் கடிக்கும்போது சரியாகப் பொருந்தவில்லை என்றால் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்கிறவள். "நாளைக்கு நான் கிளம்பறேன். மதியத்துக்கு வந்து பார்த்துக்க யாரையாவது ஏற்பாடு பண்ணிட்டுப் போறேன். இனிமே கூப்பிடமாட்டேன்."

அக்கா தலைகாணியில் சாய்ந்துகொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ துக்க வீடுகளில் சரியான நேரத்தில் சரியான சொல் அவருக்கு வந்திருக்கிறது. இப்போது கேட்டதை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"நீ பேசினதெல்லாம் கேட்டுச்சு" என்றார்.

மகள் முகம் சிவந்தது. "அழுகையில ஏதோ உளறிட்டேன்."

"உளறலை." அக்கா மகளின் கையைத் தேடிப் பிடித்தார். பல் அச்சுக்குப் பிளாஸ்டரும் மெழுகும் குழைத்துக் காய்த்துப்போன கை. இவ்வளவு முரட்டுக் கை என்று அவருக்குத் தெரியாது. "நான் தப்புப் பண்ணிட்டேன்டி. பெட்டியை எடு. நான் வரேன்."

"பந்தயத்துல ஜெயிச்சுட்டு எதுக்கு வரே?"

"பூ வாங்கறதை டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும். அதுக்காக நான் இங்க இருக்கணுமா?" சொல்லிவிட்டு அக்கா போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "எனக்கு பயமா இருக்குடி. அங்க எனக்கு யாரையும் தெரியாது. என்னையும் யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமையானா நான் என்ன செய்வேன்?"

"எங்க தெருவுல ஒரு சபை இருக்கு. என்கூட வா."

"வந்து?"

"உட்காரு."

"எங்க?"

"என் பக்கத்துல."

அக்கா யோசித்தார். கதவைத் திறக்கப் போகக் கூடாது, தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்கப் போகக் கூடாது, பின்னால் யார் இருமுகிறார்கள் என்று எழுந்து பார்க்கக் கூடாது. இவ்வளவு கடினமான காரியத்தை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசி வரைக்கும்."

"சரி. ஆனா ஓரமா உட்காரலாம், ஏதாவது அவசரம்னா எழுந்து போக வசதியா."

"நீ உள்பக்கம் உட்காரு, ஓரத்துல நான் உட்காருறேன்" என்றாள் மகள்.